டெய்லர் பாட்டு

பொறாமைப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் அல்ல. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பென்சில் டப்பா முதல் எதிர்வீட்டுக்காரியின் கொலுசு வரை எனக்கு வயிற்றெரிச்சல் தராத பொருள் திருவொற்றியூரில் குறைவு. ஆனால் அவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். முழு மூச்சாக, சோறு இறங்காமல் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு முறைதான். அப்போது எனக்குப் பதினோரு வயது. காரணம் ஓர் இங்கிலீஷ் பாட்டு.

பாட்டு சித்தப்பாவுடையது. நைனாவும் நைனாவின் கூட்டாளிகளும் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போய் மீனோடு திரும்புகிறவர்கள். நைனாவின் தம்பியான சித்தப்பா மட்டும் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். மாதக்கணக்கில் காணாமல் போவார், வரும்போது வாசனை சோப்பும் சாக்லேட்டும் கொண்டுவருவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல்காரனுக்குப் பெண் கொடுக்கிறவன் மடையன் என்று அவரே சொல்லிவிடுவார். அந்த வருஷம் பொங்கலுக்கு லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. வயிற்றில் புண் என்றார்கள். வாரம் ஒரு தடவை நைனா அவரைப் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். வரும்போது எனக்குத் தேங்காய் பன் வரும். லீவு நீண்டுகொண்டே போனதில் வீட்டில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் நான்தான்.

நான் அவருக்குச் செல்லம். அதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம். அவர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், எழுத வராது. என் கையெழுத்தோ தெருவே மெச்சிய கையெழுத்து. ரேஷன் கடை மனு, குழாயில் தண்ணீர் வராத மனு, அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பி என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் எல்லோரும் செல்போனில் மெமரி கார்டு போட்டுப் பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்ட பிறகும் சித்தப்பா தன் டேப் ரிக்கார்டரை விடவில்லை. பெட்டி நிறையக் கேசட் வைத்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டியது நான். அந்த ஒரு கேசட்டுக்கு மட்டும் எழுத விடவில்லை. அது கிடக்கட்டும் என்று என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கேசட்டில்தான் அந்தப் பாட்டு இருந்தது. அட்டையில் தோள் வரை முடி வளர்த்த நான்கு வெள்ளைக்காரர்கள் ஒரு சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். நான்கு பேருக்கும் சோறு போட்டு நாலைந்து நாள் ஆகியிருக்கும் போல ஒரு முகம். பாட்டு ஒற்றைக் கிடாரோடு மெதுவாக ஆரம்பிக்கும். ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவன் மாதிரிப் பாடுவான். பாதியில் டிரம்ஸ் சேர்ந்துகொள்ளும், அப்புறம் தெரு முழுக்கக் கேட்கும். கப்பலில் யாரோ கொடுத்தது, ரொம்பப் பழைய பாட்டு என்று சித்தப்பா சொன்னார். அந்த லீவில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைப் போட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் ஆளுக்கு ஒரு கட்சி. பொண்ணு ஏமாத்திட்டுப் போயிட்டா, அதான் கத்துறான் என்பது நைனாவின் கட்சி. அம்மா அதை மாதா கோயில் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஓடும் நேரம் மட்டும் யாரையும் கெட்ட வார்த்தையில் திட்ட மாட்டாள். எனக்கு அரைகுறை இங்கிலீஷ். திரும்பத் திரும்பக் கேட்டதில் கதவு, காத்திருப்பது, சட்டை ஆகிய மூன்று வார்த்தைகள் பிடிபட்டன. மூன்று வார்த்தை போதாதா. எங்கள் தெரு டெய்லர் திருவிழாவுக்குக் கொடுத்த துணியைத் திருவிழா முடிந்த மறுநாள் கொடுக்கிறவர். நான் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். திருவிழா வந்துவிட்டது, கூட்டாளிகள் வந்து கதவுக்கு வெளியே நிற்கிறார்கள், தைக்கக் கொடுத்த சட்டை வரவில்லை, கொஞ்சம் இருங்கடா என்று இவன் உள்ளேயிருந்து கெஞ்சுகிறான்.

இதைச் சொன்னதும் சித்தப்பா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருஷம் தனக்கே தெரியாமல் போய்விட்டதே என்றார். அன்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து என் அர்த்தத்தைச் சொன்னார். அதிலிருந்து அது எங்கள் வீட்டில் டெய்லர் பாட்டு. பாட்டு எவனுடையதாகவும் இருக்கட்டும், அர்த்தம் என்னுடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மே மாதத்தில் அத்தை மகள் வந்து சேர்ந்தாள். அத்தை, நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. மாதவரத்தில் வீடு. மகளை இங்கிலீஷ் பள்ளியில் படிக்கவைத்தாள். அவளுக்கும் பதினோரு வயது, என்னைவிட இரண்டு மாதம் இளையவள். பத்து நாள் லீவுக்குச் சக்கரம் வைத்த பெட்டியோடு வந்தாள். எங்கள் தெரு மணலில் சக்கரம் உருளாமல் நைனா அதைத் தலையில் வைத்துத் தூக்கிவந்ததைப் பார்த்தபோதே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. போதாததற்குச் சித்தப்பா அவளுக்குத் தாய்மாமன். காது குத்தினால் மடியில் உட்காரவைப்பது, சீர் கொண்டுபோவது எல்லாம் தாய்மாமன்தான். சித்தப்பா என்ற முறைக்கு அப்படி ஒரு சடங்கும் கிடையாது. தாய்மாமனை மிஞ்சிய உறவு உண்டா என்று அத்தை என் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் சாப்பாட்டில் சித்தப்பா அவளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் அதுவரை எடுத்துக் கொடுப்பார். மீன்காரர் வீட்டில் பிறந்து பதினோரு வயதில் ஒருத்திக்கு முள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. நானே முள்ளெடுத்து, ஒரு முள்ளைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டு, வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா என்னைக் கோலி சோடா வாங்கிவர அனுப்பினார். திரும்பிவந்தால் அவர் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே டெய்லர் பாட்டு ஒரு வரி ஓடும், நிற்கும். மறுபடி ஒரு வரி ஓடும், நிற்கும். எட்டிப் பார்த்தேன். அத்தை மகள் தரையில் குப்புறப் படுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். நண்டு ஊர்ந்த மாதிரி எழுத்து. சித்தப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்று, எழுத வேண்டியதை நான் எழுதித் தருகிறேன் என்றேன். சித்தப்பா உடனே டேப்பை நிறுத்திவிட்டார்.

"நீ போய் வெளயாடு கண்ணு. இது உனுக்கு வேணாம்."

உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதைத்தான் அவர் அப்படி நாசூக்காகச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவளிடம் சரியான அர்த்தம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் என் அர்த்தம் என்ன ஆனது? ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரே? சோடாவைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கடற்கரைக்குப் போய் அலைக்குக் கொட்டிய கருங்கல் மேல் உட்கார்ந்து, அவள் வந்த பஸ் டோல்கேட்டிலேயே பழுதாகி நின்றிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கதவு சாத்தினார்கள். அதற்கு மறுநாளும் சாத்தினார்கள். எனக்குக் காய்ச்சல் வருவது போல் இருந்தது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதுவும் வரவில்லை.

அதற்கடுத்த நாள் காலை சித்தப்பா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார். தாள் டேப் ரிக்கார்டருக்குக் கீழே மடித்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுப் படித்தேன்.

கதவுக்கு வெளியே ஒருத்தர் வந்துகீறார். அவரு யாருன்னு எனுக்குத் தெரியும். அவரைத் திட்டாதீங்க. நாற்காலி போட்டுக் குந்தச் சொல்லுங்க. நான் சட்டை போட்டுக்கினு வரேன். வந்துகீறது சாவு. எனுக்குப் பயம் இல்லை. நீங்களும் பயப்படாம கதவைத் தொறந்து வைங்க.

அவ்வளவுதான் இருந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சட்டை இருந்தது. கதவும் இருந்தது. நான் முக்கால்வாசி சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அடுத்து வந்தது இளக்காரம். வந்துகீறார், போட்டுக்கினு என்றெல்லாம் பேச்சில் வருகிறபடியே எழுதி வைத்திருந்தாள். இப்படி எழுதினால் எங்கள் பள்ளியில் முட்டி போட வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் இதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பது தோன்றியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் கானா பாடுகிறவர்களைக் கூப்பிடுவோம். டோலக் அடித்துக்கொண்டு, செத்தவர் பெயரையும் அவருடைய பிள்ளைகுட்டிகள் பெயரையும் சேர்த்து, கேட்கிறவர்கள் நெஞ்சு வெடித்துப்போகிற மாதிரிப் பாடுவார்கள். ஆனால் அந்தப் பாட்டில் ஒரு வரியைக்கூடச் சாவு விழாத வீட்டில் பாடக் கூடாது. ஒரு தடவை சாப்பிடும்போது வாய்தவறி முணுமுணுத்ததற்கு அம்மா என் உதட்டிலேயே ஒன்று போட்டாள். சாவைக் கூப்பிட்டு இலை போடுகிற மாதிரி அது. ஆக, என் கையிலிருந்தது சாதாரணத் தாள் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்துதான் அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அம்மா பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தை மகள் எழுதியது என்று சொல்லி நீட்டினேன். கையை அலம்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லையே என்று எனக்குக் கவலையாகப் போய்விட்டது. நல்லவேளை, அத்தை மகள் பல் துலக்கிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தாள்.

"இன்னா பொண்ணு நீ? வாயுற வூட்ல குந்திகினு இத எயுதுவியா? யாரு வூடுன்னு நெனச்ச?"

அதற்கு மேல் அம்மா சொன்னதெல்லாம் எழுத முடியாது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை மகள் வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றாள். அம்மா உள்ளே போய் டேப் ரிக்கார்டரை ஒயரோடு பிடுங்கி, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் தள்ளினாள். சத்தத்தில் சித்தப்பா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாள் தரையில் கிடந்தது. அவர் அம்மாவையும் பார்க்கவில்லை, அழ ஆரம்பித்திருந்த அத்தை மகளையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ பட்ச்சியா கண்ணு?"

"ஃபுல்லா படிச்சேன். நாலு தப்பு இருந்துச்சு," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கே நைனா அத்தை மகளை மாதவரத்துக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் நான் இரண்டு தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை. டேப்பை இறக்கச் சொல்லி அம்மாவிடம் சண்டை போடவில்லை. எப்போதாவது நான்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டெய்லர் இன்னும் சட்டை கொடுக்கவில்லையா என்று பழைய விளையாட்டை இழுப்பேன். இன்னும் தரல கண்ணு, நாளைக்கு வரச் சொல்லிகீறான் என்பார். கடைசியில் என் அர்த்தம்தான் நின்றது, அவளுடையது பரணுக்குப் போய்விட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசி மழையில் சித்தப்பா செத்துப்போனார். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் கொண்டுவந்தார்கள். வாசலில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, மழைத் தண்ணீர் ஒழுக ஒழுகக் கானா ஆரம்பித்தது. ஆரம்பிப்பதற்கு முன்னால் பாடுகிறவர் யார் யார் பெயரைச் சேர்ப்பது என்று ஒரு பட்டியல் கேட்டார். தெருவில் பட்டியல் எழுத ஆள் யார்? என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். அண்ணன், அண்ணி, அக்கா, அக்கா வீட்டுக்காரர் என்று வரிசையாக எழுதினேன். அழுதுகொண்டே எழுதினாலும் எழுத்து கோணவில்லை. கல்யாணம் ஆகாதவரா என்று அவர் கேட்டார்.

"அப்ப புள்ள மாதிரி இருந்தது யாரு? அந்தப் பேர எயுது பாப்பா."

என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது. பேனாவை மூடிக்கொடுத்துவிட்டேன்.

அவர் என் பெயரை மூன்று தடவை பாடினார். பெற்ற பிள்ளைக்கு மேலே என்றார், யார் மடியில் இனிமேல் உட்காரும் என்றார். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். நான் அழுதது நிஜம். அந்த அழுகைக்கு நடுவில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டதும் நிஜம். அத்தை மகள் பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு பெயர் ஆரம்பிக்கும்போதும் தலையை நிமிர்த்திப் பாடுகிறவரைப் பார்த்தாள். பெயர்கள் தீர்ந்துபோய், அவர் மறுபடி முதலிலிருந்து அண்ணன் பெயருக்குப் போய்விட்டார்.

வயிற்றில் இருந்தது புண் இல்லை என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. பொங்கலுக்கு வரும்போதே அவருக்கும் தெரியும், நைனாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு மூன்று பேரும் பத்து மாதம் வயிற்றுப்புண்ணைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். செத்தவருக்குத் தொண்டை கிழியப் பாடுகிற எங்கள் தெருவில், சாகப்போகிறவர் அதைப் பற்றி வாயைத் திறந்தால் உடனே வாயைப் பொத்திவிடுவோம்.

போன மாதம் அத்தை மகளோடு டோல்கேட்டில் மெட்ரோ ஏறினேன். இரண்டு பேருக்கும் வயது முப்பதை நெருங்கிவிட்டது. என் மகள் காதுகுத்துக்குப் புடவை எடுத்துவிட்டு விம்கோ நகர் திரும்பிக்கொண்டிருந்தோம். மடியில் பைகள். காதுகுத்து என்றதும் தாய்மாமன் பேச்சு வந்தது, அதிலிருந்து சித்தப்பா பேச்சு வந்தது. பட்டியலில் அவள் பெயரை வேண்டுமென்றேதான் விட்டேன் என்று சொல்லிவிட்டேன். தெரியும் என்றாள். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டுக்கு அர்த்தம் சொன்னதற்கு உனக்குக் கிடைத்த தண்டனை அது என்று சிரித்து மழுப்பப் பார்த்தேன்.

"நான் எங்க அர்த்தம் சொன்னேன்? ஆறாங்கிளாஸ்ல எனுக்கு இன்னா புரியும்? மாமா சொல்லச் சொல்ல எழுதுனேன்," என்றாள்.

பதினாறு வருஷம் வெள்ளைக்காரனோடு கப்பலில் இருந்தவருக்கு அந்தப் பாட்டு வரிக்கு வரி தெரியும். ஒவ்வொரு வரியாகப் போட்டு, நிறுத்தி, அவரே தமிழில் சொல்லியிருக்கிறார். எழுதி முடித்ததும் அதை நைனாவிடமும் அம்மாவிடமும் கொடுக்க நினைத்திருக்கிறார். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள், படித்தாலாவது புரியும் என்றாராம். எப்படிக் கொடுப்பது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கஷ்டத்தை நான் அவருக்கு வைக்கவில்லை.

"அப்ப ஏன் என்னக் கூப்புடல? என் கையெழுத்துதான நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் குரலில் அந்தப் பதினோரு வயது அப்படியே இருந்தது.

அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்தாள்.

"நானும் அதத்தான் கேட்டேன். அவ எயுத வேணாம், அவளுக்கு அது டெய்லர் பாட்டாவே இருந்துட்டுப் போவட்டும்னாரு."

விம்கோ நகரில் கதவு திறந்தது. இறங்கினோம். அழுகைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். என்னைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை இத்தனை வருஷமாக இவளிடம் இருந்திருக்கிறதே, இவள் அல்லவா அதை வைத்திருந்திருக்கிறாள் என்று வயிறு எரிந்தது. படிக்கட்டு பாதி இறங்கியபோதுதான், நாலு தப்பு இருந்துச்சு என்று நான் சொன்னதும் அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனது ஞாபகம் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.